‘அருமை’க்கு அடுத்த வரி

சித்தப்பா மகன் ஒருவன் எங்கள் ஊர்க் கண்மாயை, அதாவது பாசன ஏரியைப் பற்றி நாலு பக்கம் எழுதினான். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். கண்மாய் பெருகினால்தான் அந்த வருஷம் நெல். எழுதியதை வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் முழுவதற்கும் அனுப்பிவிட்டு, ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டான். ராத்திரிக்குள் முப்பது நாற்பது பதில் வந்துவிட்டது. ‘அருமை’, ‘சூப்பர் தம்பி’, ‘வாழ்த்துகள்’, கைகூப்பும் படம், கைதட்டும் படம். நான் போட்டது ‘மிக அருமை’. ‘மிக’ சேர்த்ததில் எனக்கு ஒரு திருப்தி வேறு.

மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர் அவனைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் எங்கள் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக இருந்தவர். பேரன் வாசித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சரிய்யா, நீ சொல்றபடியே பத்தடி தோண்டிட்டோம்னு வச்சுக்க. மடைக்குக் கீழ நிக்கிற தண்ணி வயலுக்கு எப்படிய்யா ஏறும்?”

பையன் வீட்டுக்கு வந்து கட்டுரையில் பாதியை அழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தான்.

விவசாயம் தெரியாதவர்களுக்காக: கண்மாய்க் கரையின் அடிப்பக்கத்தில் இருக்கும் வாய்தான் மடை. அதைத் திறந்தால் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே வயலுக்கு ஓடும். மடையின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும், அங்கே நிற்கும் தண்ணீர் ஆடு மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறுகளில் ஊறும். மடை வழியாக மட்டும் வெளியே வராது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். இது தெரியாமல் ‘ஆழமாகத் தூர்வாரினால் இரண்டு போகம்’ என்று அவன் எழுதிவிட்டான். ‘அருமை’ போட்ட நாற்பது பேரில் ஏழெட்டுப் பேராவது இன்றும் வயலில் இறங்குபவர்கள். அவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. யாரும் சொல்லவில்லை.

ஒருவர் எழுதியதற்கு நாம் சொல்லும் பதில் எப்போது உருப்படியாகிறது? எழுதியவர் கையில் இல்லாத ஏதோ ஒன்று அந்தப் பதிலில் இருக்கும்போது. அது ஒரு தகவலாக இருக்கலாம், சந்தேகமாக இருக்கலாம், ‘இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை’ என்ற ஒப்புதலாகக்கூட இருக்கலாம். ‘அருமை’ என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, வந்து போனதற்கு அடையாளம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுதியவர் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது.

இதில் நமக்கு வகுப்பெடுக்க ஒரு பழைய வாத்தியார் இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த, நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர். நன்னூல் என்றாலே நமக்கு ‘பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்’ என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய ஞாபகம்தான் வரும். அதன் முன்னுரையான பாயிரத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம். அங்கே இப்படி ஒரு சூத்திரம் இருக்கிறது:

எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்
பிறர்தம் மதமேற் கொண்டு களைவே
தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே
இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே
பிறர்நூற் குற்றம் காட்டல் ஏனைப்
பிறிதொடு படாஅன் தன்மதம் கொளலே

மதம் என்றதும் சைவம், வைணவம் என்று போய்விட வேண்டாம். இங்கே அதற்குக் கொள்கை, நிலைப்பாடு என்று பொருள். நூல் எழுதுகிற ஒருவர் பிறர் கருத்தின் முன் எப்படியெல்லாம் நிற்கலாம் என்று ஏழு நிலைகளைச் சொல்கிறார். சொன்னது நூலாசிரியருக்கு, அதை வாசகர் பக்கம் திருப்பிக்கொள்வது என் துணிச்சல். பவணந்தியார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

முதலாவது உடன்படல். ஒத்துப்போவதுதான், ஆனால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய் ஒத்துப்போவது. ‘நீ சொன்ன மாதிரிதான் எங்கள் ஊரிலும் நடந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் வீட்டுமனை போட்டார்கள். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்த வருஷத்திலும் கண்மாய் பாதிகூடப் பெருகவில்லை.’ இதுவும் பாராட்டுதான். கூடவே எழுதியவருக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிடுகிறது. அடுத்த முறை அவர் ‘எங்கள் ஊரில் மட்டுமல்ல’ என்று தைரியமாக எழுதலாம்.

இரண்டாவது மறுத்தல். இதில்தான் நம்மில் பலருக்குக் கை நடுங்குகிறது, மிச்சப் பேருக்குக் கை ஓங்குகிறது. மறுப்பதற்கு ஒரே ஒரு முன்வேலைதான்: அவர் சொன்ன வாக்கியத்தை எடுத்து அவர் முன்னால் வைப்பது. பாதிச் சண்டைகள் அவர் சொல்லாததை மறுப்பதால் வருபவை. ‘நீ சொல்வது இது என்று புரிந்துகொண்டேன்’ என்று நம் வார்த்தையில் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ஆமாம், அதேதான்’ என்று அவர் தலையாட்டினால்தான் நம் மறுப்புக்கு நிற்க இடம் உண்டு.

மறுப்பு எப்படி மூலத்தின் சொல்லிலேயே காலூன்ற வேண்டும் என்பதற்குக் குறள் உரையிலிருந்தே ஓர் உதாரணம். ‘ஈன்ற பொழுதிற் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்’ என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியாமையால்தான் ‘கேட்ட தாய்’ என்று வள்ளுவர் சொன்னார் என்கிறார். இதைப் படித்தால் இன்று யாருக்கும் சுருக்கென்று இருக்கும். ‘இவர் ஒரு பெண் விரோதி’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அதனால் குறள் கொஞ்சமும் தெளிவாகாது. ‘கேட்ட’ என்ற சொல்லைப் பிடித்துப் பாருங்கள். தன் பிள்ளை நல்லவன் என்று எந்தத் தாய்க்குத்தான் தெரியாது? அவளுக்குத் தெரிந்ததை ஊரும் சொல்லக் கேட்பதில்தான் பெற்றபோது இல்லாத மகிழ்ச்சி. தெரியாமையைக் குறள் எங்கேயும் சொல்லவில்லை. அதை உரை சேர்த்துக்கொண்டது. இப்படிச் சொன்னால் பரிமேலழகரை மறுத்ததும் ஆயிற்று, குறளின் ஒரு சொல் துலங்கியதும் ஆயிற்று.

அந்தப் பரிமேலழகரிடமே கற்றுக்கொள்ள வேண்டிய பண்பும் ஒன்று இருக்கிறது. குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். தான் ஏற்காத உரையைச் சொல்லும்போது அவர் பெரும்பாலும் யார் பெயரையும் இழுப்பதில்லை. ‘என்று உரைப்பாரும் உளர்’ என்பார், ஏன் பொருந்தாது என்று ஒரு காரணம் சொல்வார், அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கருத்தைத் தொட்டார், ஆளைத் தொடவில்லை.

ஆளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் பெரிய பாடம் உண்டு. வள்ளலாரின் பாடல்களை ‘அருட்பா’ என்று சொல்லலாமா என்ற கேள்வியில் தொடங்கியது அருட்பா மருட்பாச் சண்டை. கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் கண்டனத்துக்குக் கண்டனம், வசைக்கு வசை என்று வளர்ந்து, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காகவே போய் நின்றது. இரண்டு பக்கமும் தமிழ் கரைத்துக் குடித்தவர்கள். அந்தக் காகிதக் கட்டுகளிலிருந்து ஒரு பாடலையாவது கூடுதலாக ரசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது: பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். பெயர் நீளம், வேலை சின்னது. டீக்கடைப் பெரியவர் செய்தது இதைத்தான். ‘நீ சொல்வது தப்பு’ என்று அவர் தொடங்கவில்லை. ‘தோண்டிட்டோம்னு வச்சுக்க’ என்று பையன் பக்கமே போய் நின்றுகொண்டார். அவன் தோண்டச் சொன்ன பத்தடிப் பள்ளத்துக்குள் அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கி, அங்கிருந்து மடையை அண்ணாந்து பார்க்க வைத்தார். தப்பை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். எதிரே நின்று மறுத்திருந்தால் அவன் இளவட்டத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கவே மாட்டான், ‘நவீனத் தொழில்நுட்பம்’ என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். கேள்வி உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். விடையை மடியில் மறைத்துக்கொண்டு மடக்குவதற்காகக் கேட்டால் குரலிலேயே தெரிந்துவிடும்.

நான்காவதும் ஏழாவதும் சொந்தக் கொள்கையை நாட்டி நிறுத்துவது பற்றியவை. பதில் சொல்கிற இடத்தில் இவை வேண்டாம். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுக்கு வாஸ்து பார்ப்பது போல ஆகிவிடும். சொல்ல அவ்வளவு இருந்தால் தனியாகக் கட்டுரை எழுதிவிடலாம்.

ஐந்தாவது, இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல். கண்மாய்க் கட்டுரையில் சீமைக்கருவேலம் பற்றி ஒரு பத்தி வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு மாமா ‘வேரோடு பிடுங்கணும்’ என்றார், இன்னொருவர் ‘அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கே போகும்?’ என்றார். மூன்றாவதாக வருகிறவர் வழக்கமாக ‘இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது’ என்று பூசி மெழுகிவிட்டுப் போவார். நன்னூல் அதற்கு இடம் வைக்கவில்லை. ஒரு பக்கம் துணியச் சொல்கிறது. ‘கண்மாய் உள்வாயில் நிற்கும் மரத்தைப் பொறுத்தவரை வெட்டுவதுதான் சரி. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை மரம் பிடித்துக்கொள்கிறது. கரிமூட்டத்துக்கான மரம் கண்மாய்க்கு வெளியே தரிசில் வேண்டிய மட்டும் கிடக்கிறது.’ இதை ஒப்புக்கொள்ளாதவர் இருக்கலாம். ஆனால் பேச்சு ஓர் அடி நகர்ந்திருக்கிறது.

ஆறாவது குற்றம் காட்டல். தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். ஒருவர் தன் அம்மா இறந்த நாளைப் பற்றி நெஞ்சு வெடிக்க எழுதியிருப்பார். கீழே ஒருவர் வந்து ‘இரண்டாம் வரியில் க் வர வேண்டும்’ என்பார். ஒற்றுப் பிழை பிழைதான். ‘வேலை தேடினான்’ என்றால் உத்தியோகம் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கை வேலைத் தேடுகிறான். பொருள் மாறுகிற இடமென்றால் உடனே சொல்லலாம். மற்றதை ஒரு நாள் கழித்து, தனியாகச் சொன்னால் வானம் இடிந்துவிடாது.

தகவல் பிழை வேறு ஜாதி. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்தவர் எடுத்துப் போய் இன்னும் பத்து இடத்தில் வைப்பார். தம்பி ஓரிடத்தில் ‘கலுங்கைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள்’ என்று எழுதியிருந்தான். கலுங்கு வேறு, மடை வேறு. கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிற இடம் கலுங்கு. வயலுக்குப் பாய்வது மடை வழியாக. இதைச் சொல்ல மூன்று துண்டு போதும்: எந்த இடம், என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும். ‘இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி: கலுங்கு என்பது மடை என்று இருக்க வேண்டும்.’ நாலாவது துண்டாக ‘இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிட்டாயா’ என்று சேர்த்தால் முதல் மூன்றும் அவர் காதில் விழாது.

தகவலும் சரி, எழுத்தும் சரி, ஆனாலும் படிக்கும்போது ஏதோ இடிக்கிறது என்றால்? அது என்னவென்று சொல்ல வார்த்தை கிடைக்காமல்தான் பாதி நேரம் ‘நல்லா இருக்கு’ என்று தப்பித்துக்கொள்கிறோம். நன்னூல் பாயிரத்திலேயே அடுத்த சூத்திரம் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகிற அந்த வரிசையில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று. அடேயப்பா, எவ்வளவு துல்லியமான சொல்! தேர் மாதிரிக் கிளம்பி, போகப் போக மெலிந்து, கடைசியில் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் மறைந்துபோகிற எழுத்து. நம் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் வியாதி இது. தம்பியின் கட்டுரையில் மற்றொன்று விரித்தல் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன கதை தொடங்கியது. அதற்குப் பிறகு கண்மாயைக் காணோம்.

இந்தப் பெயர்களை அப்படியே அவர் தலையில் போட வேண்டியதில்லை. நமக்குள் தெளிவதற்குத்தான் அவை. அவரிடம் சொல்ல வேண்டியது, ‘மனு கொடுக்கும் கதை வந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்’ என்பது. வாசகர் எங்கே நிறுத்தினார், எங்கே இரண்டாம் முறை படித்தார், எங்கே தாவினார் என்பது எழுதியவருக்கு எந்த வழியிலும் தெரியவராது. இலக்கணம் தெரியாத, துறை தெரியாத ஆள்கூட இந்த ஒன்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். ‘எனக்கு என்ன தெரியும், நான் என்ன சொல்ல’ என்று ஒதுங்குகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வியும் அப்படித்தான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். வேறு யாராக இருந்தாலும் ‘அருமை, அருமை’ என்று எழுந்து கும்பிட்டிருப்பார்கள்; அவ்வளவு பெரிய பட்டியல். முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலியார் கேள்வியைப் போட்டுவிட்டு மீசையை முறுக்கவில்லை. சிந்தாமணியின் கைப்பிரதி ஒன்றையும் கொடுத்து, கூட உட்கார்ந்து பாடமும் கேட்டார்.

கண்மாய்க் கட்டுரையின் இரண்டாம் வடிவம் பத்து நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை ‘மிக’ போடுவதில்லை என்று முடிவு செய்து, இரண்டு முறை படித்துவிட்டு, தம்பிக்குத் தனியாக அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘மடை மட்டம் பற்றிச் சேர்த்த பத்தி நன்றாகப் புரிகிறது, தோண்டுவதற்கு முன்னால் வரத்துக்காலைப் பார்க்கணும் என்கிறாய், அதுதானே? அப்படியானால் அதை முதல் பக்கத்துக்கே கொண்டுவா. இரண்டாம் பக்கத்தில் கலுங்கு இன்னும் அப்படியே இருக்கிறது, மடை என்று மாற்று. மனுக் கதையைத் தனியாக எழுது, அது இன்னொரு கட்டுரை. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்தாயா?’

அனுப்பிய பிறகுதான் ஒரு வரியைக் காணோம் என்று உறைத்தது. முதல் வடிவத்தில், மடைக்கு முறை வைக்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் தாத்தா பேசுவதற்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அவர் வேர்வை வாசனைகூட வந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

“அந்தத் தலைப்பா வரி எங்கடா?”

“அதாண்ணே முதல்ல வெட்டுனது. யாருமே அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. தேவையில்லாததுன்னு நெனச்சேன்.”